ப்ளஸ் ப்ளஸ்

“எல்லார்கிட்டயும் இப்படித்தான் வெல சொல்லுவியா தம்பி?”

“ஆமா அங்கிள், எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.”

பொய். அன்று இரவு நான் வேலை செய்யும் சிங்கப்பூர் பாரின் கவுன்டரில் இருந்த வேறு யாரிடமும் நான் விலையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவருக்கு எழுபது வயது இருக்கும். கட்டம்போட்ட அரைக்கைச் சட்டை, தனியாக வந்திருந்தார். பட்டியலில் கள் பெயரில் இருந்த காக்டெய்லின் மேல் விரலை வைத்தார். நான் குனிந்து, குரலைத் தாழ்த்தி, தமிழில், “இது 28 வெள்ளி அங்கிள், ப்ளஸ் ப்ளஸ்” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. “எல்லாம் சேர்த்தா 33 வெள்ளி 57 காசு வரும்” என்று கணக்கும் போட்டுக் காட்டினேன்.

கணக்கு சரிதான். சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதையும் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டி 9 விழுக்காடு. பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தாய்மாமன் பெருமையாக நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பில் வந்ததும் பர்ஸைக் கவிழ்த்து ஐம்பது காசு, இருபது காசாக எண்ணினார். அந்த முகத்தை இன்னொருவரிடம் பார்க்கக் கூடாது என்றுதான் சொன்னேன். இதைத்தான் எனக்கு நானே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவருக்குப் பக்கத்தில் அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாக ஒரு வெளிநாட்டு ஜோடி இரண்டாவது ரவுண்டில் இருந்தது. அவர்களுடைய பர்ஸைப் பற்றி நான் ஏன் கவலைப்படவில்லை?

கேட்டால் ஒழிய விலை சொல்லாதே என்பது கடையின் வழக்கம். ஆங்கிலத்தில் எனக்கு அந்த வாக்கியம் வாயிலேயே வராது. தமிழில் வந்துவிட்டது. ‘அங்கிள்’ என்றதும் எங்கிருந்தோ ஓர் உரிமை முளைத்துவிட்டது. அவர் கொடுக்காத உரிமை.

விலைக்கும் எங்களிடம் ஒரு நியாயம் உண்டு. யார் கேட்டாலும் மதுவரி என்போம். லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி, உண்மைதான். ஆனால் அந்தக் கிளாஸில் ஊற்றுவது 45 மில்லி தென்னஞ்சாராயம். 40 விழுக்காடு என்று வைத்தாலும் வரி 1 வெள்ளி 60 காசைத் தொடாது. மிச்சமெல்லாம் வாடகை, சம்பளம், கண்ணாடி மாதிரி தெளிவாக உறையவைத்து அறுக்கிற ஐஸ், அப்புறம் எங்கள் பேச்சு. அமோய் ஸ்திரீட்டில் 2016இல் விஜய் முதலியார் நேட்டிவ் பாரைத் திறந்து இந்த வட்டாரத்துப் பொருள்களையே கலந்து காட்டினார். இப்போது பட்டியலில் ஊர்ப் பெயர் இல்லாத கடையைப் பார்ப்பது அரிது. எங்கள் பங்குக்குக் கள்.

அதிலும் கள் கிடையாது. காலையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் புளித்துப்போகிற சரக்கை இங்கே எப்படி விற்பது? இளநீரில் குலா மலாக்கா என்கிற தென்னை வெல்லத்தைக் கரைத்து, ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் வைப்போம். செய்வது நான்தான். கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் அதையேதான் கேட்டார். கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார், முகர்ந்து பார்த்தார்.

“புளிப்பு பத்தல.”

“ஊர்ல குடிச்சிருக்கீங்களா அங்கிள்?”

“எந்த ஊர்ல? நான் இங்கயே பொறந்தவன். கள்ளுக்கடைக்கு வெளிய எங்கப்பாவுக்காகக் காத்துக்கிட்டு நின்னிருக்கேன். அவர் சட்டையிலயே இதவிட புளிச்ச வாசம் அடிக்கும்.”

சிங்கப்பூரில் கள்ளுக்கடைகள் இருந்தது எனக்கும் தெரியும். பட்டியலில் அந்தக் காக்டெய்லுக்குக் கீழே இருக்கும் இரண்டு வரிக் கதையே அதுதான், எழுதியவன் நான். இருந்தும் சட்டையைப் பார்த்து முதலில் பர்ஸை அளந்தேன், அப்புறம் ஊரை.

கிளாஸை முழுதும் காலி செய்தார். பில்லைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கார்டைத் தட்டினார். கோபம் இருந்ததா? தெரியவில்லை. கோபித்திருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். “வரேன் தம்பி” என்று சாதாரணமாகத்தான் போனார்.

கூட வேலை செய்கிற மலாய் நண்பன், நல்லதைத்தானே சொன்னாய் என்கிறான். போன மாதம் இரண்டு தமிழ்ப் பையன்கள் வந்தபோது வாயே திறக்கவில்லை. பில்லை இருவரும் மாற்றி மாற்றி வெகுநேரம் படித்தார்கள். அன்றைக்கும் தூக்கம் வரவில்லை.

இளநீரை இப்போது மூன்று நாள் வைக்கிறேன். தலைமை பார்டெண்டர் குடித்துப் பார்த்து, இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது, எப்படித் தோன்றியது என்று கேட்டார். சும்மா, செய்து பார்த்தேன் என்றேன்.