ஒரு ‘தி’யால் போன ஐந்து மாதம்

எங்கள் ஆராய்ச்சிக்கு நிதி தருவது எந்த அமைச்சகம், எந்தத் திட்டம் என்று சொல்லப்போவதில்லை. மூன்றாம் தவணை இன்னும் வரவேண்டியிருக்கிறது.

சேலம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உலோகவியல் துறையில் இருக்கிறேன். கார்பன் குறைந்த எஃகு தயாரிப்புக்கு மத்திய அரசு ஆராய்ச்சி நிதி தருகிறது என்று 2022 கடைசியில் அறிவிப்பு வந்தபோது, நானும் என்னுடன் வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியரும் விண்ணப்பித்தோம். கேட்டது 38 லட்சம். கிடைத்தது 31. இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக இரண்டரை டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, உலகச் சராசரி 1.9க்குப் பக்கம் என்ற முன்னுரையெல்லாம் இதைப் படிப்பவர்களுக்கு மனப்பாடம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் யோசனை சின்னதுதான். ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்த பில்லெட் என்னும் எஃகுப் பாளத்தை உருட்டும்போது மேலே கறுப்பாகச் செதிள் செதிளாக உதிருமே, அந்த மில் ஸ்கேலை ஹைட்ரஜனால் ஒடுக்கி, அதாவது அதிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து, மறுபடி இரும்பாக்குவது. அதில் எடைக்கு எழுபது சதவீதம் இரும்பு. ஆனால் மில்காரர்கள் அதை சிமெண்ட் ஆலைக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்படியே, மின்சாரத்தில் பழைய இரும்பை (ஸ்கிராப்) உருக்கும் இண்டக்‌ஷன் உலையில் போட முடியாது, அதிலுள்ள இரும்பு ஆக்சைடு உலையின் உட்பக்கச் சிலிக்கா லைனிங்கைத் தின்றுவிடும். ஒடுக்கிக் கட்டியாக்கிப் போட்டால் ஸ்கிராப்போடு ஸ்கிராப்பாக உருகும். நிலக்கரி வேண்டாம், வெளியே வருவது நீராவி. அறிவியல் பகுதியை இரண்டு வாரத்தில் எழுதி முடித்தோம். அதன்பின் நடந்தவற்றில் அறிவியல் ரொம்பக் குறைவு.

முதல் முட்டுக்கட்டை தொழில் பங்காளியின் கடிதம். திட்டச் செலவில் ஒரு பங்கைத் தொழிற்சாலை ஏற்க வேண்டும், பணமாக இல்லாவிட்டால் பொருளாக. பக்கத்து ஊர் ரோலிங் மில் முதலாளியிடம் போனேன். அறுபது வயதுக்காரர், இண்டக்‌ஷன் உலையும் வைத்திருக்கிறார். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க மேடம், இதுல கையெழுத்துப் போட்டா நான் கவர்மெண்டுக்குப் பணம் கட்டோணுமா, இல்ல அவங்க எனக்குக் குடுப்பாங்களா?”

ரெண்டும் இல்லைங்க, இரண்டு டன் ஸ்கேலும் கடைசியில் ஒரு ஹீட் (ஒருமுறை உலையை நிரப்பி உருக்குவது) உருக்க உலையும் கொடுத்தால் போதும் என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கடிதம் பத்து நாளில் திரும்பி வந்தது. ஸ்கேலுக்கும் உலை நேரத்துக்கும் ரூபாயில் மதிப்புப் போடவில்லையாம். போட்டு அனுப்பினோம். அடுத்த வாரம் மறுபடி வந்தது, லெட்டர்பேடில் ஜிஎஸ்டி எண் இல்லையாம். அவருடைய லெட்டர்பேட் ஜிஎஸ்டி வருவதற்கு முந்தைய காலத்தில் அச்சடித்தது, மேலே முருகன் படம் மட்டும் பளிச்சென்று இருக்கும். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் பங்காளியின் லெட்டர்பேடை முதலில் வாங்கிப் பாருங்கள். ரூபாய் மதிப்பு, ஜிஎஸ்டி எண், கையெழுத்திடுபவரின் பதவி மூன்றும் இருக்க வேண்டும்.

அடுத்தது டெல்லி. 2023 ஜனவரியில் நேரில் வந்து பத்து நிமிடம் விளக்கச் சொன்னார்கள். விமானத்துக்குக் கல்லூரி தராது. கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினேன். வடக்கே மூடுபனி, ரயில் ஏழு மணி நேரம் தாமதம். நள்ளிரவுக்குப் பக்கத்தில் அறைக்குப் போய், காலையில் ஒன்பதரைக்கே ஸ்வெட்டருக்கு மேல் சால்வையோடு அந்தக் கட்டடத்து வாசலில் நின்றேன். பாதுகாவலர் பட்டியலில் என் பெயர் இல்லை. அன்றைக்குக் கூட்டமே இல்லை. உறுப்பினர்கள் போதாததால் கூட்டத்தைக் காணொளிக்கு மாற்றி, மூன்று வாரம் தள்ளிவைத்திருக்கிறார்கள். மெயில் அனுப்பினோமே என்றார் உள்ளே இருந்த எழுத்தர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அனுப்பியிருக்கிறார்கள்தான், எங்கள் தாளாளர் அலுவலக மெயிலுக்கு. விண்ணப்பப் படிவத்தில் ‘நிறுவனத் தலைவர்’ என்ற இடத்தில் அதைத்தான் கொடுத்திருந்தோம். அந்த மெயிலைத் திறப்பவர் வாரம் ஒருமுறை திறப்பார், அதுவும் கட்டண விஷயத்துக்கு. கரோல் பாகில் ஒரு தோசையைத் தின்றுவிட்டு மறுநாள் ரயில் ஏறினேன். அந்த மாதம்தான் மத்திய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் கொடுத்திருந்தது. வழி முழுக்க உறவுக்காரர்கள் அந்தச் செய்தியை வாட்ஸப்பில் அனுப்பி வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

காணொளி விளக்கம் சுமுகமாக முடிந்தது. தொழில்நுட்பத் தயார்நிலையை (ஒன்று முதல் ஒன்பது வரையான அளவுகோல்) மூன்று என்று அடக்கமாக எழுதியிருந்தேன். நாலுக்குக் கீழே நாங்கள் எடுப்பதில்லையே என்றார் குழுவில் ஒருவர். ஆய்வகத்தில் பத்துக் கிராம் ஒடுக்கிக் காட்டிய முடிவுகளைத் திரையில் போட்டதும் அவரே நாலு என்று திருத்திக்கொண்டார். அடக்கம் வேண்டியதுதான், ஆனால் அந்தக் கட்டத்தில் வேண்டாம்.

2023 ஆகஸ்டில் நிதி ஒப்புதல் ஆணை வந்தது. இனிப்பெல்லாம் கொடுத்தோம். பணம் வரவில்லை.

ஆணை கல்லூரி முதல்வர் பெயரில் இருந்தது. பான் அட்டை அறக்கட்டளை பெயரில். தனியார் கல்லூரிகளில் பெரும்பாலும் இப்படித்தான், கல்லூரிக்கென்று தனி பான் கிடையாது. தொண்டு நிறுவனங்களுக்கான தர்பண் தளத்தில் அறக்கட்டளையைப் பதிய வேண்டும், திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், அரசு நிதியைப் பட்டுவாடா செய்யும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் கல்லூரியை ஏஜென்சியாகப் பதிந்து அந்தக் கணக்கை இணைக்க வேண்டும். எங்கள் அக்கவுண்ட்ஸ் அண்ணன் எல்லாம் செய்தார். கணக்கு மட்டும் இணையவில்லை. ‘வங்கியால் நிராகரிக்கப்பட்டது’ என்று சிவப்பில் வரும். ஏன் என்று வராது.

வங்கிக்குப் போனால் எங்கள் பக்கம் எல்லாம் சரி, டெல்லியைக் கேளுங்கள் என்பார்கள். டெல்லிக்குப் போன் செய்தால் வங்கியைக் கேட்கச் சொல்வார்கள், அதுவும் பத்து அழைப்பில் ஒன்றை எடுத்தால். பிஎஃப்எம்எஸ் உதவி மையத்துக்கு டிக்கெட் போட்டோம், ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். மறுபடி போட்டோம், மறுபடி தீர்த்தார்கள். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் இப்படியே போயின. திட்டத்துக்கென்று தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆராய்ச்சி மாணவன், “மேடம், வீட்ல கேக்கறாங்க” என்று சொல்லிவிட்டு பெங்களூருவில் ஒரு மென்பொருள் கம்பெனிக்குப் போய்விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

டிசம்பரில் வங்கிக் கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு பெண் எழுத்தர்தான் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, இரண்டு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். “மேடம், பான்ல முன்னாடி ‘தி’ இருக்கு. நம்ம கணக்குல ‘தி’ இல்ல.” அறக்கட்டளைப் பத்திரத்தை நாற்பது வருடத்துக்கு முன் எழுதியவர் ஆங்கிலப் பெயருக்கு முன்னால் ஒரு ‘தி’ போட்டிருக்கிறார். பான் அட்டை அதைப் பார்த்து எடுத்தது. வங்கிக் கணக்கு கல்லூரிப் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தொடங்கியது.

சரி, சேர்த்துவிடுங்கள் என்றோம். சேர்க்க அறங்காவலர் குழுவின் தீர்மானம் வேண்டும். குழு கூடுவது பொங்கலுக்குப் பிறகு. ஜனவரி கடைசியில் ‘தி’ ஏறியது. இரண்டாம் நாளே கணக்கு இணைந்தது. அந்தப் பச்சை டிக்கைப் பார்த்து அக்கவுண்ட்ஸ் அண்ணன் கும்பிட்டார், விளையாட்டுக்கு இல்லை.

பணம் எப்போது வந்தது தெரியுமா? 2024 மார்ச் 26. நிதியாண்டு முடிய ஐந்து நாள், நடுவில் பெரிய வெள்ளியும் ஞாயிறும். ஏப்ரல் முதல் வாரமே செலவுச் சான்றிதழ் கேட்டு மெயில். வந்த காசு கையில் படவில்லை, எதைச் செலவு செய்தோம் என்று எழுதுவது? செலவு பூஜ்யம், மீதி முழுவதும் அடுத்த ஆண்டுக்கு என்று ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் போட்டு ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினோம். அதுவும் திரும்பி வந்தது, யுடின் எண் இல்லை என்று. 2019 முதல் ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் அந்தப் பதினெட்டு இலக்க எண் கட்டாயம். ஆடிட்டருக்குத் தெரியாமல் இல்லை, அவருடைய உதவியாளர் மறந்துவிட்டார். முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடையாமல் அதற்குக் கீழே அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இதோடு இன்னொன்று: கணக்கில் கிடக்கும் பணத்துக்கு வரும் வட்டி உங்களுடையது அல்ல. அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளம் வழியாகக் கட்டி, ரசீதை இணைக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஐந்து நாளுக்கு வந்த வட்டி சில நூறு ரூபாய். அதைக் கட்ட அண்ணனுக்கு ஒரு முழுநாள் பிடித்தது.

ஸ்கேலை ஒடுக்க ஆய்வகத்துக்கு உலை வாங்கும்போதுதான் என் சொந்த முட்டாள்தனம் வெளியே வந்தது. இதற்கு யாரையும் திட்ட முடியாது. விண்ணப்பத்தில் 2021இல் வாங்கிய பழைய கொட்டேஷனை வைத்திருந்தேன். அதில் ஜிஎஸ்டி ஐந்து சதவீதம். ஆராய்ச்சிக் கருவிகளுக்கு இருந்த அந்தச் சலுகையை 2022 ஜூலை 18 முதல் எடுத்துவிட்டார்கள், இப்போது பதினெட்டு. 14,20,000 ரூபாய் உலைக்கு 1,84,600 கூடுதல். நுகர்பொருளுக்கான செலவுத் தலைப்பிலிருந்து எடுக்கலாமே என்று கேட்டோம். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு, அதுவும் கருவித் தலைப்புக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும், குழு கூட வேண்டும் என்றார்கள். குழு கூடுவதைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். உலையின் பட்டியலைக் குறைத்தோம். நைட்ரஜன் பாதைக்கு மின்னணு ஓட்டக் கட்டுப்படுத்தியை விட்டுவிட்டுச் சாதாரண ரோட்டாமீட்டர், வெப்பம் அளக்க இரண்டாவது தெர்மோகப்பிள் இல்லை, மூன்று கொட்டேஷனில் குறைந்த விலைக்காரரிடம் உலை. ஹைட்ரஜன் பக்கம் மட்டும் எதையும் குறைக்கவில்லை.

ஹைட்ரஜன் சிலிண்டர் வந்த அன்று கல்லூரி பிளம்பர் ரெகுலேட்டரை வழக்கம்போல வலப்பக்கம் முறுக்கிவிட்டு, மரை சரியில்லை, திருப்பி அனுப்புங்கள் என்றார். எரியும் வாயுக்களுக்கு இடப்பக்கம்தான் இறுக வேண்டும் என்று சொன்னதும் சிவப்பு சிலிண்டரை விட்டு இரண்டடி பின்னால் போனார். அதன்பிறகு நைட்ரஜனால் ஊதிச் சுத்தம் செய்யாமல் யாரும் உலையைத் தொடுவதில்லை. அவர்தான் முதல் கண்காணிப்பாளர்.

2024 டிசம்பரில் முதல் ஓட்டம். மில்லிலிருந்து வந்த ஸ்கேலில் எண்ணெய் பிசுக்கு, அதை எரிக்கவே ஒரு நாள். அரைக் கிலோ போட்டோம், 850 டிகிரி, இரண்டு மணி நேரம். எண்பத்து நாலு சதவீதம் உலோகமாகியிருந்தது. பொங்கலுக்குள் தொண்ணூற்றொன்றைத் தொட்டுவிட்டோம். இது ஒரு வரியில் முடிந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள், இந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதெல்லாம்.

இரண்டாம் தவணைக்கான பரிசீலனையில் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: உங்கள் ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? சிலிண்டரில் வருவது இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்ததென்றால், ஒரு கிலோவுக்கு ஒன்பது பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடு அங்கேயே வெளியாகியிருக்கும். அரசு 2023இல் வகுத்த பசுமை ஹைட்ரஜன் வரையறையோ ஒரு கிலோவுக்கு இரண்டு கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது. எங்கள் ஆய்வகத்து வாயு பசுமை இல்லை, ஒடுக்கும் முறையைத்தான் சோதிக்கிறோம் என்று ஒப்புக்கொண்டேன். மழுப்பியிருந்தால் மாட்டியிருப்பேன் என்று பிறகு தெரிந்தது, அவருக்கு அந்தக் கணக்கு எல்லாமே கைவசம் இருந்தது. இரண்டாம் தவணை ஒன்பது வாரத்தில் வந்தது. எங்கள் வரலாற்றில் இது சாதனை.

போன மாதம் மில்லில் ஒரு ஹீட்டில் எங்கள் கட்டிகள் இருபது கிலோவை ஸ்கிராப்போடு சேர்த்து உருக்கினோம். லைனிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலாளி கறுப்புக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பசுமை எஃகுக்கு நட்சத்திரம் தருகிறார்களாமே என்றார். ஆமாங்க, ஒரு டன் எஃகுக்கு 2.2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் கீழே வந்தால் மூன்று, 1.6க்கும் கீழே என்றால் ஐந்து என்றேன். ஸ்கிராப்பை உருக்குகிறவர் என்பதால் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்ப விண்ணப்பம் போட்டுரலாமுங்க மேடம். ஆனா மொதல்ல பான் கார்டை எடுத்துப் பாத்துரோணும். எங்க கம்பெனிப் பேருக்கு முன்னாடியும் ஒரு ‘தி’ இருக்குதுங்க.”