அடுப்படியில் ஆறு ஒலிகள்

என் மகளுக்கு ஒரு வயது இரண்டு மாதம் இருக்கும்போது கைதவறி குக்கர் மூடி சிமெண்டுத் தரையில் விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. இவள் முதுகைக் காட்டிக்கொண்டு மைலோ டின்னை உருட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

சந்தேகம் அதற்கு முன்பே வந்ததுதான். "அவ அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனான்" என்றார் மாமியார். ஒரு கிளினிக்கில் "ரெண்டு வயசு வரைக்கும் பாருங்க" என்றார்கள். அதை நம்பி ஐந்து மாதம் போனது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. பிறந்து ஒரு மாதத்துக்குள் காதுச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா என்று உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் நிபுணர்கள் சொல்லும் கணக்கு என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய்தான் பெரிய சோதனை. பிள்ளை தூங்கினால்தான் அதைச் செய்ய முடியும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வில்லைகளை ஒட்டி, காதுக்குள் ஒலியை விட்டு, நரம்பு பதில் தருகிறதா என்று பார்க்கிறார்கள். முதல் தடவை காரிலேயே தூங்கி முடித்துவிட்டு, அறைக்குள் போனதும் விழித்து அழுதாள். அடுத்த தடவை விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பிவிட்டோம். என் கணவர் கார் ஓட்ட, நான் பின்சீட்டில் ஈரத்துணியால் அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே போனேன். பாலை அங்கே போய்த்தான் கொடுத்தேன். தூங்கினாள். இரண்டு காதிலும் 90 டெசிபலுக்கு மேல். தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் பக்கத்தில் ஓடினால்தான் ஏதோ எட்டும்.

அந்த வாரம் கோயிலில் ஒருவர் சொல்லித்தான் டீச்சரைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. காது கேளாத பிள்ளைகளின் பெற்றோரைச் சேர்த்து ஒரு சின்னச் சங்கம் நடத்துகிறார். சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தின் பின்னறையில் வகுப்பு. அவருடைய தம்பி, பினாங்கில் 1954-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். கைகளால் அருமையாகப் பேசுவார். ஆனால் பெற்ற தாய்க்கு அந்த மொழி தெரியாது. கடைசிவரை இருவருக்கும் நடுவில் டீச்சர்தான் நின்றார். "சைகை மொழி குறைஞ்சது இல்லம்மா. எந்த வழியா இருந்தாலும் சரி, வீட்டுல உள்ளவங்களும் சேர்ந்து கத்துக்கணும். நாள் கடத்தக்கூடாது" என்றார்.

ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பாரம் நிரப்பியது, வேன் செலவு எல்லாம் சங்கம் பார்த்துக்கொண்டது. முதலில் காதுக்கு வெளியே மாட்டும் கருவி. அது போதாது என்று ஆனபின் ஸ்கேன், நிமோனியாத் தடுப்பூசி, உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை. தழும்பு ஆறிய சில வாரங்களில் கருவியை முடுக்கினார்கள். உடனே "அம்மா" என்பாள் என்று நினைத்திருந்தேன். பயந்து போய் வீறிட்டு அழுதாள். "காதுக்கு இன்னிக்குத்தான் பிறந்தநாள். பச்சைப்பிள்ளை அழத்தானே செய்யும்?" என்றார் டீச்சர்.

அந்த நேரத்தில் படித்த உறவினர் ஒருவர், தமிழை விட்டுவிட்டு மலாயில் மட்டும் பேசுங்கள், பள்ளிக்கு உதவும் என்றார். நானும் ஒரு வாரம் முயன்றேன். டீச்சருக்கு வந்த கோபம்! "உனக்கு மலாய்ல கொஞ்ச வருமா? தாலாட்ட வருமா? உன் வாயில தானா வர்ற பேச்சுதான் பிள்ளைக்கு வேணும். மத்த மொழி பின்னால வரும்." அவர் சொன்னதுதான் சரி. அந்த ஒரு வாரம் நான் அவளிடம் பேசியதே கொஞ்சம்தான்.

தினமும் காலையில் ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தந்த நிபுணர் டேனியல் லிங் வகுத்த சோதனை. பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் கூர்மையான ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கும். என் வாய் தெரியாதபடி பின்னால் நின்று சொல்வேன். கேட்டால் ஒரு கொண்டைக்கடலையை டின்னில் போடுவாள். ஒரு நாள் 'ஸ்'ஸுக்கு மட்டும் கடலை விழவில்லை. பார்த்தால், கருவியின் மைக்கில் வியர்வை இறங்கியிருந்தது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ராத்திரியில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் கருவியை வைத்தே ஆகவேண்டும்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது, கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான். ஒன்று சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணி, பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நாலு எண்ணுவதற்குள் நானே பதிலைச் சொல்லிவிடுவேன்.

கருவியை முடுக்கிய ஏழாம் மாதம் ஒரு காலை. அவள் ஜன்னலில் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல் காய்ந்துவிட்டது. "தோசை ஊத்தவா?" என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். எட்டு எண்ணும்போது, திரும்பாமலே, "ஊத்து" என்றாள். கரண்டியோடு அப்படியே நின்றேன். கல் புகைந்துபோனது.

இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். டீச்சருக்கு முட்டிவலி, அதனால் பின்னறைச் சாவி என்னிடம். கோலகங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒன்பது மாதக் குழந்தையோடு ஒரு தாய் புதிதாக வருகிறாள். செவ்வாய்க்கிழமை ஈப்போவில் சோதனை. நாலு மணிக்கே எழுப்பச் சொல்லியிருக்கிறேன். "அழுவானேக்கா" என்றாள். "அழட்டும்மா, தூங்க மட்டும் விட்டுடாத. நானும் வர்றேன்" என்றேன். ஈரத்துணி என் பையில் இருக்கிறது.