டிரம்மரோட அப்பா

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மொட்டை இந்தத் தடவையும் வரல. ரெண்டு டிக்கெட் போடுடா மச்சான்னு சொன்னவனும் அவன்தான், சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு "தொண்டை கரகரங்குதுடா"ன்னு வாய்ஸ் நோட் அனுப்புனவனும் அவன்தான். அந்த வாய்ஸ் நோட்டுல பின்னாடி "எண்ணெய் காஞ்சிருச்சு, போண்டாவைப் போடட்டுமா வேணாமா"ன்னு அவன் பொண்டாட்டி கேக்கறது கணீர்னு விழுது. தொண்டை கரகரங்கறவனுக்கு போண்டா. 499 ரூபா, திருப்பித் தர மாட்டான், இது எழுதி வச்ச கணக்கு.

பெரியவனைக் கூப்பிட்டேன். ஒரு காதுல இருந்து மட்டும் ஹெட்போனைத் தூக்கிட்டு "நீங்க அங்க வந்து தலையை ஆட்டுவீங்கப்பா"ன்னான். ராக் ஷோவுல தலையை ஆட்டாம என்னடா ஆட்டறதுன்னு கேக்கறதுக்குள்ள ஹெட்போன் பழையபடி மூடிக்கிச்சு. வீட்டம்மா என்னோட கறுப்பு டீஷர்ட்டை மேல இருந்து கீழ ஒரு தடவை பாத்துட்டு, வயித்துக்கிட்ட மட்டும் கொஞ்சம் நிதானிச்சு, "மாலை போட்டிருக்கீங்களா"ன்னு கேட்டா. சாமியே சரணம்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

எங்க பெங்களூரு மெட்ரோவுல அல்சூர்ல இருந்து இந்திரா நகர் ஒரே ஸ்டாப்பு. டிக்கெட்டுல 7.30ன்னு போட்டிருந்துச்சு, நான் ஏழு பத்துக்கே வாசல்ல. இது எங்கப்பா குடுத்த சொத்து. அவர் கன்டோன்மென்ட்ல ஒன்பது மணி வண்டிக்கு ஏழு மணிக்கே போயி பிளாட்பாரத்துல பெட்டி மேல உக்காந்துக்கற ஆளு. ஆனா ரயில்வே நேரம் வேற, ராக் நேரம் வேற. ராக்ல 7.30ன்னா அப்பதான் டிரம்மர் வீட்ல குளிக்கப் போறாருன்னு அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல போயிட்டிருக்கேன், 2003-ல ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-ல அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30 மெட்டாலிகா, எல்லாம் அதே பேலஸ் கிரவுண்ட்ஸ்ல நின்னு பாத்தவன். மெட்டாலிகா வந்தப்ப நம்ம ஊர்ல மெட்ரோ ஓட ஆரம்பிச்சு சரியா பத்து நாள், ஊரே ரெண்டு கட்சியா பிரிஞ்சு பாதி பேர் மெட்ரோவைப் பாக்கப் போனாங்க, பாதி பேர் மெட்டாலிகாவைப் பாக்கப் போனாங்க, மொட்டை மட்டும் ரெண்டுக்கும் வரேன்னு சொல்லிட்டு ரெண்டுக்கும் வரல.

அப்பெல்லாம் நாள் பூரா நிப்பேன். இப்ப முட்டி "எப்ப உக்காருவே"ன்னு தனியா பேச ஆரம்பிச்சிருச்சு. அதனாலதான் பெரிய மைதானம் எல்லாத்தையும் விட்டுட்டு இந்த மாதிரி சின்ன இடம், நூறு நூத்தம்பது பேர், பேரே கேள்விப்படாத பேண்ட். இது ஒரு தனி சுகம். ஹம்மிங் ட்ரீன்னு ஒரு மியூசிக் கிளப் இருந்த வரைக்கும் அங்கதான், 2019-ல அதை மூடினப்ப எங்க வீட்ல ஒரு பெருசு போன மாதிரி ரெண்டு நாள் சோறு இறங்கல (வீட்டம்மா இதை மறுக்கறா, பிரியாணி சாப்ட்டேனாம்).

சரி, விஷயத்துக்கு வரேன். மாடிப்படி ஏறுனா கதவுகிட்ட ஒரு பையன் கையில பேப்பர் பட்டை ஒட்டிட்டிருந்தான். உள்ள சவுண்ட் செக் நடக்குது, கிக் டிரம்மை மட்டும் டொம் டொம்னு அரை மணி நேரமா அடிக்கறாங்க, நெஞ்சு அதோட சேந்து துடிக்குது. அந்தப் பையன் என்கிட்ட "பேண்ட் ஃபே... அங்கிள்?"னு என்னமோ கேட்டான். ஃபேனான்னுதான் கேக்கறான்னு நினைச்சு பெருமையா தலையை ஆட்டினேன். அவன் கேட்டது ஃபேமிலியான்னு. உடனே முகமெல்லாம் மரியாதையாகி "பன்னி அங்கிள், பன்னி"ன்னு, அதாங்க கன்னடத்துல வாங்கன்னு, கையைப் பிடிக்காத குறையா கூட்டிட்டுப் போயி மேடைக்கு இடது பக்கம் ஒரு சோஃபாவுல உக்கார வச்சுட்டான். சோஃபா! மேல ஃபேன்! முன்னாடி ரிசர்வ்டுன்னு பலகை, பத்து நிமிஷத்துல கேக்காமலே ஒரு லைம் சோடா வேற. இருபது வருஷ ரசிகர் வாழ்க்கையில எவனும் எனக்கு ஒரு முக்காலி போட்டதில்ல.

சோஃபாவுல ஏற்கனவே ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும். அம்மா நல்ல பட்டுச் சேலை, மடியில வயர் கூடை. ஐயா கையில துண்டு. பேஸ் கிட்டார் வாசிக்கற பையனோட அப்பா அம்மா, காலைல வந்தே பாரத்தைப் பிடிச்சு கோயமுத்தூர்ல இருந்து வந்திருக்காங்க. அம்மா ஒரு டப்பாவைத் திறந்து ஒப்பிட்டு (அதாங்க, போளி) எடுத்துக்குடுத்து, "உங்க பையன் இதுல எதுங்க?"ன்னு கேட்டாங்க.

உண்மையைச் சொல்லிருக்கலாம். ஆனா சொன்னா எந்திரிக்கணும். முட்டி என்னைப் பாத்துச்சு, நான் முட்டியைப் பாத்தேன், வாயில வேற ஒப்பிட்டு. கையை நீட்டி டிரம்மரைக் காட்டினேன். ஏன் டிரம்மர்னா அவனுக்கு மட்டும்தான் முடி மூஞ்சியை மறைச்சிட்டிருந்துச்சு, ஜாடை ஒத்துப்போகுதான்னு யாரும் பாக்க முடியாது.

"அட, தம்பியோட அப்பாங்களா!" அம்மா ஐயாவோட தொடையைத் தட்டினாங்க. "உங்க பையன் லீவு நாள்ல எங்கூட்டுக்கு வந்தா என் கையால சாப்டாம போமாட்டானுங்க. தங்கமான பையன். ரசம் மட்டும் தொடவே மாட்டான், ஏனுங்க?"

"சின்ன வயசுல இருந்தே அப்படித்தாங்க"ன்னேன். சரளமா வருது பாருங்க.

"அந்த ஐ.டி. வேலையை விட்டதுக்கு நீங்க ரொம்பக் கோவமா இருக்கீங்கன்னு சொன்னானுங்களே. ஆறு மாசமாச்சுங்கல்ல?"

வேலையை விட்டுட்டானா! ஆறு மாசமா! சத்தியமா சொல்றேன், எனக்கு பி.பி. ஏறிடுச்சு. அந்தப் பையன் பேர் கூட எனக்குத் தெரியாது, ஆனா இந்த மார்க்கெட்ல எவனாவது கையில இருக்கற வேலையை விடுவானா, பி.எஃப். எடுத்தானா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டதைப் பாத்து ஐயா "விடுங்க, வயசு அப்படி"ன்னு என் முதுகைத் தட்டிக் குடுத்தாரு.

ஒன்பது நாப்பதுக்கு விளக்கெல்லாம் அணைச்சு, நீலமா ஒண்ணு மட்டும் எரிஞ்சப்ப, அம்மா சட்டுனு எந்திரிச்சு நின்னாங்க. பையனைப் பாக்கறாங்க போலன்னு நினைச்சேன். இல்ல. அவங்க கண்ணு டிரம் செட்டுக்குக் கீழ.

"ஏனுங்க, அது நம்ம ஜமக்காளம்!"

டிரம்முக்குக் கீழ எப்பவும் ஒரு விரிப்பு போடுவாங்க, வழுவழு தரையில அப்படியே வச்சா ஒவ்வொரு உதைக்கும் கிக் டிரம் ஒரு விரக்கடை முன்னாடி நகரும், நாலாவது பாட்டுக்கு டிரம்மர் ஆடியன்ஸ் மடியில இருப்பான். அதுக்கு இவனுங்க கண்டுபிடிச்சது பவானி ஜமக்காளம். சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையா, ஓரத்துல நாலு காலுக்கும் கேஃபர் டேப் ஒட்டி, நடுவுல கிக் டிரம்மோட முள்ளு குத்தி நிக்குது. "பொண்ணு சீருக்கு எடுத்தது, பொங்கல்ல இருந்து காணோம்னு வேலைக்கார அம்மாவைக்கூட கேட்டுப்போட்டனே"ன்னு அம்மா தலையில கை வச்சுட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க. ஏன்னா அதுமேல உக்காந்திருக்கறது என் பையன்.

"நான் கேக்கறேங்க அவனை"ன்னேன். வேற என்ன சொல்றது.

அதுக்குள்ள அடிச்சான் பாருங்க. சும்மா சொல்லக்கூடாது. மூணே பேர், ஆனா சுவரெல்லாம் அதிருது. என் போன்ல டெசிபல் பாக்கற ஆப் 104 காட்டுச்சு. இந்த இடத்துல ஒரு விஷயத்தை ஒத்துக்கணும், எங்க அபார்ட்மென்ட் குரூப்ல, மேல் வீட்டு மாமி ராத்திரி பத்தரைக்கு மிக்ஸி போட்டதுக்கு, 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதின்னா ராத்திரி பத்துல இருந்து காலைல ஆறு வரைக்கும் 45 டெசிபல்தான்னு நீட்டி முழக்கி மெசேஜ் போட்டது நான்தான். மாமி என்னை இங்க பாக்காம இருந்தா சரி.

பாக்கெட்ல எப்பவும் காதடைப்பான் ரெண்டு ஜோடி வச்சிருப்பேன், ஆரஞ்சு கலர் ஸ்பாஞ்சு. ஐயாவுக்கு ஒரு ஜோடி குடுத்தேன். அவர் அதை உள்ளங்கையில வச்சுப் பாத்துட்டு "சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"ன்னு கேட்டாரு. காதுல வச்சு விட்டேன். அதுக்கப்புறம் ஷோ முடியற வரைக்கும் எதுக்கும் சிரிச்சிட்டே இருந்தாரு.

அம்மா காதை மூடல. மூணாவது பாட்டு ஒரு மாதிரி நொண்டி நொண்டி போச்சு, கூட்டத்துல கை தட்டறவனுங்க எல்லாம் தப்புத் தப்பா தட்டி நிறுத்திட்டானுங்க. அம்மா மட்டும் தொடையில தட்டிட்டே இருக்காங்க, ஒரு இடத்துலயும் விடல. குனிஞ்சு காதுகிட்ட கேட்டேன். "தகிட தகதிமி, ஏழுங்க. மிஸ்ர சாபு. நான் கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டு கத்துக்கிட்டனுங்க." நான் இத்தனை வருஷமா இதை செவன் பை எய்ட்னு சொல்லி பெரியவன்கிட்டயும் மொட்டைகிட்டயும் பந்தா பண்ணிட்டிருக்கேன். அகம் மாதிரி ஒரு பெங்களூரு பேண்ட் கர்நாடக கீர்த்தனையை ராக்ல போட்டப்ப ஆளாளுக்கு அதிசயப்பட்டாங்க, இங்க ஒரு அம்மா மடியில வயர் கூடையோட ப்ராக்ரஸிவ் ராக்குக்கு தாளம் போடறாங்க. 1996-ல இருந்து இதே ஊர்ல வாசிக்கற தெர்மல் அண்ட் எ குவார்ட்டரை எத்தனை தடவை பாத்திருப்பேன், ஒரு தடவையாவது பக்கத்துல இப்படி ஒரு ஆள் கிடைச்சாங்களா? கிடைச்சதெல்லாம் போனைத் தூக்கிப் பிடிச்சு எனக்கு மேடையை மறைக்கற பசங்கதான்.

அந்தப் பாட்டுலதான் டிரம்மர் கையில இருந்து வலது ஸ்டிக் எகிறிப் போச்சு. யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. ஒரு சுத்து இடது கையாலயே ஸ்னேரையும் ஹை-ஹேட்டையும் மாத்தி மாத்தி ஓட்டிட்டு, வலது கை ஃப்ளோர் டாம் பக்கத்துல தொங்குற பையில இருந்து வேற ஒண்ணை உருவிடுச்சு. தாளம் இம்மி நகரல. நான் என்னை அறியாம எந்திரிச்சு நின்னுட்டேன். "பெத்த வயிறு"ன்னு அம்மா ஐயாகிட்ட சொன்னது கேட்டுச்சு. எனக்கா!

முடிஞ்சு விளக்கு போட்டாங்க. நழுவிடலாம்னு டீஷர்ட் விக்கற மேஜைப் பக்கம் ஒதுங்கினேன் (எஸ் இருக்கு, டபுள் எக்ஸெல் இருக்கு, மனுஷன் போடற சைஸ் இல்ல). அதுக்குள்ள அம்மா அந்தப் பையன் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வராங்க. "தம்பி, இங்க பாரு யாரு வந்திருக்காங்கன்னு! அப்பா வந்திருக்காரு!"

அவன் முடியை ஒதுக்கிட்டு நிமிந்தான். வேர்த்து ஊத்துது. என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி எனக்குப் பின்னாடி கதவுப் பக்கம் ஒரு தடவை பாத்தான். அப்புறம்தான் என்னைப் பாத்தான். கையில அந்த ஸ்டிக், பாதியில எலி கடிச்ச மாதிரி நார் நாரா.

"வந்துட்டீங்களாப்பா"ன்னு சத்தமா சொல்லி கட்டிப் பிடிச்சான். பிடிச்ச பிடியில காதுக்குள்ள, "யாரு சார் நீங்க?"

"டிக்கெட் வாங்கி வந்தவன்ப்பா. சோஃபாவுக்கு ஆசைப்பட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் விடல. "மூணாவது பாட்டுல ஸ்டிக் போச்சு, தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. இடது கை பிரமாதம்."

விட்டான். துண்டால மூஞ்சியைத் துடைச்சான், கண்ணையும் சேத்துதான். அப்புறம் மேடைக்குப் போயி ஒரு நீளமான பையைத் தூக்கிட்டு வந்து என் கால்கிட்ட தொப்புனு போட்டான். "அப்பான்னா இதைத் தூக்குங்க."

அந்த இடத்து ஸ்டாண்டெல்லாம் நொண்டியாம், அதனால சொந்த ஸ்டாண்டு, சொந்த பெடல், எல்லாம் இரும்பு. இருபது கிலோவுக்குக் குறையாது. ரெண்டு மாடி இறக்கினேன். கீழ ஆட்டோக்காரர் பையைப் பாத்துட்டு ஒன் அண்ட் ஹாஃப் இல்ல, டபுள்னாரு. பேரம் பேசி முடிக்கறதுக்குள்ள பையனோட பி.ஜி.யில கேட்டைப் பூட்டிட்டாங்கன்னு போன் வந்துச்சு, அவன் பேஸ் பையனோட ரூமுக்குப் போறேன், அங்க அம்மா அப்பா வேற இருக்காங்க, இடமில்ல, பையை மட்டும் நீங்க எடுத்துட்டுப் போங்க சார், காலைல வந்து வாங்கிக்கறேன்னான். ஜமக்காளத்தை அம்மா சுருட்டி எடுத்துட்டாங்க. மூணு ஓட்டை.

அது சனிக்கிழமை. இன்னைக்கு புதன். போன் பண்ணா "நாளைக்கு கண்டிப்பா வரேன்ப்பா"ங்கறான். சாருங்கறதையே விட்டுட்டான். வேலைக்கு எங்கயாவது அப்ளை பண்ணியிருக்கியான்னு கேட்டா சிக்னல் சரியில்லங்கறான். எனக்கு முதுகு பூரா அமிர்தாஞ்சன். சிம்பல் ஸ்டாண்டுல வீட்டம்மா ஈரத்துண்டு காயப்போட்டிருக்கா, பால்கனி கம்பியை விட இது சௌகரியமா இருக்காம், திருப்பிக் குடுக்கணுமான்னு வேற கேக்கறா.

நேத்து ராத்திரி தூங்கிட்டிருந்தேன், டொம் டொம்னு சத்தம். எந்திரிச்சுப் போயிப் பாத்தா பெரியவன், ஹெட்போன் கழுத்துல, கிக் பெடலை பீரோக் கதவோட சேத்து வச்சு மிதிச்சிட்டிருக்கான். நிறுத்துடான்னு சொல்லத்தான் போனேன். ஆனா மிதிக்கறது ஏழா விழுந்துச்சு. ஏழாவதுல கொஞ்சம் இழுக்கறான், அதை மட்டும் சரி பண்ணலாம்னு பக்கத்துல உக்காந்தேன்.

பதினொண்ணே காலுக்கு குரூப்ல மெசேஜ். மேல் வீட்டு மாமி. நான் போட்ட அதே மெசேஜை, ஒரு கமா மாத்தாம, எனக்கே திருப்பி அனுப்பியிருக்காங்க.