டிரைவ்வேயில் கிடந்த பாதி வளையல்

ஏப்ரல் 12, 2025, சனி. மிசிசாகா, கனடா

காலையில் டிரைவ்வேயைக் கூட்டும்போது ஓர் இரும்புத் துண்டு கிடைத்தது. விரல் தடிமன், பாதி வளையல் போன்ற வளைவு. உடைந்த முகத்தில் பாதி பழைய துரு, மீதி புது மினுமினுப்பு. விரிசல் எப்போதோ விழுந்திருக்கிறது, அறுந்தது இப்போதுதான். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். இடது முன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் ஒரு துண்டு இல்லை. ஸ்பிரிங்குக்குள் நிற்கும் அதிர்வு தாங்கியான ஸ்ட்ரட் முழுக்க எண்ணெய்க் கசிவு வேறு.

வண்டி 2013 சயான் எஃப்.ஆர்-எஸ். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்தது. சுபாரு அதையே பி.ஆர்.இசட் என்று விற்றது, சயான் பிராண்டு மூடப்பட்டபின் இதுவே டொயோட்டா 86 ஆனது. எந்தப் பெயரில் வாங்கினாலும், பனிக்கு ஒண்டாரியோவில் கொட்டும் சாலை உப்புக்கு ஒன்றுதான், துருப்பிடிக்க வைத்துவிடும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வாழ்த்துச் சொல்லத்தான் அப்பாவைக் கூப்பிட்டேன், பேச்சு ஸ்பிரிங்குக்கு வந்துவிட்டது. நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரிப் பட்டறை வைத்திருந்தவர்.

"ஒரு பக்கம் மட்டும் மாத்தாத கண்ணு. ரெண்டையும் மாத்து. லாரியில ஸ்பிரிங் பட்டை ஒண்ணு ஒடஞ்சாலே அடுத்த பக்கத்தையும் எறக்கிப் பாப்போம்."

"சரிங்கப்பா."

"கடையில குடுத்தா என்ன?"

கூலி மட்டும் 700 டாலர் கேட்டார்கள் என்றேன். ரூபாயில் கணக்குப் போட்டிருப்பார், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஜாக்கிய நம்பாத. கட்டை குடு" என்று மட்டும் சொன்னார்.

ஸ்ட்ரட், ஸ்பிரிங், மேல் மவுன்ட், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் இரண்டிரண்டாக ஆர்டர் போட்டேன். அந்த வருஷத்து பி.ஆர்.இசட்டின் முன் ஸ்பிரிங் எஃப்.ஆர்-எஸ்ஸைவிட இறுக்கம். அதைப் போடலாமா என்று ஒரு சபலம். ஆனால் பின்பக்கம் லேசாக வழுக்குகிற குணத்துக்காகத்தானே இந்த வண்டியை வாங்கினேன்? பழைய அளவே போதும்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

4 டிகிரி குளிர். முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் உட்கார வைத்தேன். கழற்றிய சக்கரங்களையும் பாடிக்கு அடியில் தள்ளினேன். அப்பாவின் 'கட்டை' அதுதான்.

பின்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் முன்னால் டிரைவ் ஷாஃப்ட் கிடையாது. தாளில் பார்த்தால் சுலபம்: பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏ.பி.எஸ். ஒயர், ஸ்டெபிலைசர் லிங்க், கீழே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட், பானெட்டுக்குள் மூன்று 12 நம்பர் நட். அவ்வளவுதான்.

ஒயர் கிளிப் தொட்டவுடன் உடைந்தது. பெரிய போல்ட்டுகள் அசையவே இல்லை. துரு எண்ணெய் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டித் தொங்கினேன். அசைந்தது நான்தான். மறுபடி எண்ணெய் அடித்து இரவு ஊறவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

பக்கத்து வீட்டுப் போர்ச்சுகீசியப் பெரியவர் வேலி மேலாக ஒரு புரொப்பேன் டார்ச்சை நீட்டினார். நான் கேட்கவில்லை. நேற்று முழுக்க நான் திட்டியது அவருக்கு மொழி தெரியாமலே புரிந்திருக்கும். பிரேக் ஹோஸை ஒதுக்கிக் கட்டி, நட்டை மட்டும் சூடாக்கினேன். 'கிறீச்' என்ற அந்தச் சத்தத்துக்கு இணையான சங்கீதம் கிடையாது.

போல்ட்டைத் தட்டி வெளியே தள்ளும்போது நட்டை முனைவரை திருகி வைத்துவிட்டு அதன்மேல் அடிக்க வேண்டும், மரை கெடாது. பட்டறையில் பத்து வயதில் பார்த்தது கைக்கு நினைவிருந்தது. நக்கிள் வெளியே சாய்ந்து ஹோஸை இழுக்காமல் இருக்கக் கம்பியால் கட்டினேன்.

அடுத்தது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர். உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டி வாங்கிய இரவல் சாமான், எதிரெதிரே மாட்டும் இரண்டு கொக்கித் திருகுகள். இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று. அமுங்கிய ஸ்பிரிங்குக்குள் ஒரு புல்லட் பைக்கின் எடைக்குக் குறையாத விசை அடைந்து கிடக்கிறது. கொக்கி நழுவினால் எந்தத் திசையில் பாயும் என்று அதற்கே தெரியாது. நட் திருகும் ஏர் கன் மெஷின் வேண்டாம், கையாலேயே திருகினேன். முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மேல் நட்டைக் கழற்றும்முன் ஸ்பிரிங் மவுன்ட்டை விட்டு விலகித் தளர்ந்திருக்கிறதா என்று மூன்று முறை ஆட்டிப் பார்த்தேன்.

புது ஸ்பிரிங்கை அமுக்கி, ஸ்ட்ரட்டில் ஏற்றி, மேல் நட்டை முறுக்கி, கொக்கிகளைத் தளர்த்தும்வரை மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. இடது பக்கம் மாட்டி முடிக்க இருட்டிவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். கடைகள் எல்லாம் மூடல். நல்லவேளை, எதுவும் தேவைப்படவில்லை. வலது பக்கம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. வீல் நட் 120 நியூட்டன் மீட்டர், முறுக்கு அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சின் 'கிளிக்' கேட்டு வைத்தேன்.

தெருமுனைவரை சொர்க்கம். பள்ளத்தில் 'தொப்' என்று ஒரே அடி, பழைய துள்ளல் இல்லை. திரும்பி வந்து பார்க் பண்ண ஸ்டீயரிங்கை ஒடித்தேன்.

டங்.

இடது பக்கம். ஒவ்வொரு ஒடிப்புக்கும் ஒரு டங்.

ஏப்ரல் 21, திங்கள்

லீவு போட்டேன். அப்பாவுக்கு வீடியோ கால். சத்தத்தை ஒருமுறை கேட்டதும், "ஸ்பிரிங்கு எடத்துல உக்காரல" என்றார். கீழ்த் தட்டில் ஸ்பிரிங்கின் நுனி போய் முட்ட வேண்டிய படி ஒன்று இருக்கும். என் ஸ்பிரிங் அதிலிருந்து ஒரு விரலளவு தள்ளி, தட்டின் விளிம்பில் ஏறி நின்றது.

"பாத்து உக்கார வெச்சயா?"

"சுவத்தப் பாத்துட்டு இருந்தனுங்கப்பா."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி ஜாக்கி, மறுபடி போல்ட், மறுபடி கொக்கி. இந்த முறை நுனி படியில் முட்டுவதைப் பார்த்துக்கொண்டே கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினேன். பயம் குறையவில்லை. டங் போய்விட்டது.

ஏப்ரல் 26, சனி

வீல் அலைன்மென்ட். நேராகப் போக ஸ்டீயரிங்கைச் சற்று இடப்பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. நக்கிள் போல்ட்டின் ஓட்டையில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், கழற்றி மாட்டினால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறும், கூடவே டோவும் (உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்). பழைய இடத்தை மார்க்கரில் குறித்துத்தான் வைத்திருந்தேன், துரு எண்ணெயில் அழிந்துபோனது. முன்பக்கம் ஒரு விரல் உயர்ந்து நிற்கிறது. அசிங்கமாக இருக்கிறது, ஓட்ட ஓட்டக் கொஞ்சம் இறங்கும் என்று விட்டுவிட்டேன்.

இரவு அப்பா கூப்பிட்டார். வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ஒடஞ்ச துண்டத் தூக்கிப் போட்டறாத. நல்ல ஸ்டீலு. வர்றப்ப எடுத்துட்டு வா, உளி அடிச்சுக்கலாம்."

டிசம்பருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். துண்டு சூட்கேஸின் அடியில் இருக்கிறது. விமான நிலையத்தில் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.