ப்ரீத் என்ற வினைச்சொல்லும் நம்ம ஊர் மூச்சும்

வேலூரில் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் நர்சிங், பாராமெடிக்கல் படிக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் என்று தோல், ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் தினமும் தேவைப்படுகிற ஒரு சின்ன வினைச்சொல் ப்ரீத். அகராதியைப் புரட்டினால் ‘சுவாசி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். நம் வீடுகளில் யார் சுவாசிக்கிறார்கள்? மூச்சு விடுகிறோம், வாங்குகிறோம், இழுக்கிறோம், அடக்குகிறோம், திணறுகிறோம். அந்த இடத்திலிருந்து ஆரம்பித்தால்தான் இந்தச் சொல் கைக்கு வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் உச்சரிப்பு. ப்ரெத் என்பது பெயர்ச்சொல், மூச்சு. ப்ரீத் என்பது வினைச்சொல், மூச்சு விடு. எழுதும்போது வினைச்சொல்லின் கடைசியில் ஒரு ‘ஈ’ எழுத்து கூடுதலாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று பள்ளியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கடைசி ஒலியே வேறு என்பதை யாரும் சொல்வதில்லை. ப்ரெத் சொல்லும்போது நாக்கு நுனி பல்லைத் தொட்டுக்கொண்டிருக்க வெறும் காற்றுதான் வெளியே வரும், தொண்டையில் கை வைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் அதிர்வு இருக்காது. ப்ரீத் சொன்னால் அதிரும். ‘அது’, ‘இது’ என்று வேகமாகப் பேசும்போது நடுவில் வருகிற ‘த’ கிட்டத்தட்ட அதே ஒலிதான், அதனால் நமக்கு இது புதிதே இல்லை. பாத் என்றால் குளியல், பேத் என்றால் குளி. க்ளாத் என்றால் துணி, க்ளோத் என்றால் உடுத்து. எல்லாம் ஒரே குடும்பம்.

எக்ஸ்ரே அறையில் இந்த இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிடும்: ப்ரீத் இன், ஹோல்ட் யுவர் ப்ரெத், ப்ரீத் அவுட். முதலும் கடைசியும் வினை, நடுவில் இருப்பது பெயர். ‘டேக் எ டீப் ப்ரெத்’ என்பதிலும் அது பெயர்தான், அங்கே ‘ஈ’ போட்டு எழுதினால் பிழை. ‘ப்ரீத் இன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஈ’யை விட்டுவிடுவதும் பிழை. ஆங்கிலமே தாய்மொழியாக இருப்பவர்கள்கூட இணையத்தில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள், ஆகையால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆஸ்பத்திரி ரெக்கார்டில் எழுதப்போகிற பிள்ளைகள் சரியாகவே எழுத வேண்டும்.

இப்போது நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுகிற இடத்துக்கு வருகிறேன். தமிழில் ‘மூச்சு விடு’ என்பதற்கு இரண்டு அர்த்தம். காற்றை வெளியே விடுவது ஒன்று, உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் சேர்ந்த மொத்த வேலை இன்னொன்று. ஒரு அம்மா ‘மூச்சு விட முடியலைம்மா’ என்றால் காற்றை வெளியே விட முடியவில்லை என்று அர்த்தமில்லை, ‘ஐ காண்ட் ப்ரீத்’ என்றுதான் அர்த்தம். அங்கே அவுட் சேர்த்தால் டாக்டர் வேறு ஏதோ நினைத்துக்கொள்வார். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஸ்டெதஸ்கோப் வைத்துக்கொண்டு ‘ப்ரீத்’ என்று டாக்டர் சொன்னதை ‘மூச்சு விடுங்க’ என்று நர்ஸ் மாற்றிச் சொன்னால், சில பெரியவர்கள் புஸ்ஸென்று ஒரு தடவை காற்றை வெளியே விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். ‘நல்லா இழுத்து இழுத்து விடுங்க’ என்று சொன்னால் உடனே புரியும்.

அதே மாதிரி ‘மூச்சு வாங்குது’ என்பது மூச்சை உள்ளே வாங்குவது இல்லை. மாடிப்படி ஏறினால் வாங்குகிறதே, அது. அதற்கு ஆங்கிலத்தில் ‘ஷார்ட் ஆஃப் ப்ரெத்’, ‘அவுட் ஆஃப் ப்ரெத்’. ‘மூச்சுப் பிடிப்பு’ என்று ஒருவர் சொன்னால் ‘ஹோல்டிங் ப்ரெத்’ என்று எழுதிவிடக் கூடாது. அது மூச்சு இழுக்கும்போது விலாவிலோ முதுகிலோ சுருக்கென்று பிடிக்கிற வலி. ‘இழுப்பு’ இன்னும் கஷ்டம், சில வீடுகளில் அது வீசிங், சில வீடுகளில் வலிப்பு. மறுபடி ஒரு கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. காந்தி ரோட்டுப் பக்கம் நடந்தால் லாட்ஜ் போர்டுகள் வங்காளியில் இருக்கிறதைப் பார்க்கலாம், அவ்வளவு தூரத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களிடம் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் இந்தி என்று பேசித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் இன், அவுட் என்ற இரண்டு சின்னச் சொற்களும் கையைக் காட்டிச் செய்கிற சைகையும்தான் துணை.

இன்ஹேலர் விஷயத்தில் அதுவும் போதாது. அழுத்தினால் ஸ்ப்ரே வருகிற வகைக்கு முதலில் மூச்சை முழுசாக வெளியே விட்டு, அழுத்திக்கொண்டே மெதுவாக, ஆழமாக இழுத்து, ஒரு 10 விநாடி அடக்க வேண்டும். பவுடர் வகைக்கு வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டுக்கும் தாளில் ‘ப்ரீத் இன்’ என்றுதான் இருக்கும், பக்கத்தில் இருக்கிற ‘ஸ்லோலி’யும் ‘க்விக்லி’யும்தான் மருந்து நுரையீரலுக்குப் போகிறதா தொண்டையிலேயே படிந்துவிடுகிறதா என்று தீர்மானிக்கிறது. அந்த அடைமொழியை விழுங்கிவிட்டு மொழிபெயர்க்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்பது சாதாரண அளவு. அதை எண்ணும்போது நோயாளியிடம் சொல்லாமல் எண்ணு என்று நர்சிங்கில் சொல்லிக்கொடுப்பார்கள், நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பைக் கவனிப்பார்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்ததுமே மூச்சின் கணக்கு மாறிவிடும். ‘ஹி இஸ் ப்ரீதிங்’ என்பது தானாக நடப்பது, ‘ப்ரீத் இன்’ என்பது சொல்லிச் செய்ய வைப்பது. ஒரே வினை இரண்டையும் தாங்குகிறது.

‘ஐ காண்ட் ப்ரீத்’ என்ற மூன்று சொற்களை உலகமே கேட்டது. 2014ல் நியூயார்க்கில் எரிக் கார்னர், 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட், இருவரும் போலீஸ் பிடியில் சாகும்போது திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். பேச முடிகிறதென்றால் மூச்சு விட முடிகிறது என்றுதானே அர்த்தம் என்று சிலர் அப்போது வாதம் செய்தார்கள். அது தவறு. குரல்நாண் வழியாகக் கொஞ்சம் காற்று போனாலே சத்தம் வந்துவிடும், உடம்புக்கு வேண்டிய ஆக்ஸிஜன் போகிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. ஆஸ்துமா நோயாளி ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருதரம் நிற்கிறாரா என்று பார்ப்பதே நோயின் கடுமையை எடைபோடுகிற ஒரு வழி. யாராவது இந்த வார்த்தையைச் சொன்னால் முதலில் நம்புங்கள் என்று என் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

மரபுத் தொடர்களில் எனக்குப் பெரிய சந்தோஷம், நாமும் அவர்களும் பல இடத்தில் ஒரே மாதிரி யோசித்திருக்கிறோம் என்பது. ‘டோன்ட் ப்ரீத் எ வேர்ட்’ என்றால் யாரிடமும் சொல்லாதே. நாம் ‘இதைப் பத்தி மூச்சு விடாதே’ என்கிறோம், இன்னும் சுருக்கி ‘மூச்!’ என்கிறோம். இந்த அர்த்தத்தில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும், தமிழிலும் அப்படியே. ‘ஹி லிவ்ஸ் அண்ட் ப்ரீத்ஸ் கிரிக்கெட்’ என்பதற்கு ‘பேச்சு மூச்செல்லாம் கிரிக்கெட்’ அச்சாகப் பொருந்தும். ஆனால் ‘பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தார்’ என்றால் அன்கான்ஷியஸ், அதை லிவ், ப்ரீத் என்று இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ‘ப்ரீத் ஈஸி’ என்றால் இப்போதுதான் நிம்மதி. ‘ப்ரீத்ட் ஹிஸ் லாஸ்ட்’ நாளிதழ் இரங்கல் செய்திக்குச் சரி, கேஸ் ஷீட்டுக்குக் கூடாது. அங்கே ‘டைட்’, அதாவது இறந்தார் என்று நேராக எழுதுவதுதான் முறை. ‘ப்ரீதிங் டவுன் மை நெக்’ என்றால் ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பது. ஷூ லைனில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு விளக்கமே தேவைப்படுவதில்லை.

உயிரில்லாத பொருளும் ப்ரீத் செய்யும். ஒயின் பாட்டிலைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றுப் பட வைப்பதை ‘லெட் இட் ப்ரீத்’ என்பார்கள். ஓடிக் களைத்த குதிரையை நிறுத்தி இளைப்பாற விடுவதையும் ஆங்கிலத்தில் அந்தக் காலத்தில் ‘ப்ரீத் எ ஹார்ஸ்’ என்றார்கள், அங்கே மனிதர் எழுவாய், குதிரை செயப்படுபொருள்.

நம் பக்கத்துக்கு முக்கியமானது தோல். ‘லெதர் ப்ரீத்ஸ்’ என்று ஷூ கேட்டலாக் எல்லாவற்றிலும் இருக்கும். தோல் காற்றை இழுத்து விடுவதில்லை. தோலில் இருக்கிற கொலாஜன் நார்கள் பின்னிக்கிடக்கும் இடைவெளி வழியாக, பாதத்தில் ஊறுகிற வியர்வை ஆவியாகி மெல்ல வெளியேறுகிறது, அவ்வளவுதான் அதன் பொருள். தமிழில் ‘காத்தோட்டமா இருக்கும்’ என்று சொல்லிவிடலாம், வியர்வை தங்காது என்றால் இன்னும் சரி. அதே தோலின் மேல் பளபளவென்று கெட்டியாகப் பூச்சு ஏற்றிவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுப் போகும். அதனால் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிற தம்பி தங்கைகள் வெளிநாட்டு பையருக்கு மெயில் போடும்போது, பேடன்ட் லெதர் என்கிற அந்தப் பளபளப்புத் தோலில் செய்த அப்பருக்கு, அதாவது ஷூவின் மேல்பாகத்துக்கு, ‘ப்ரீத்தபிள்’ என்று அழகுக்காகச் சேர்க்க வேண்டாம். நீராவி எவ்வளவு கடக்கிறது என்று அளக்கவே சோதனை இருக்கிறது, ரிப்போர்ட் அனுப்புங்கள் என்று பதில் வரும்.