பெட்டியின் மேல் எழுதியிருப்பது

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்து சோல் (கறுப்பினத்தவரின் உணர்ச்சிமிகு பாட்டு வகை) பாடகர்களில் ஓ. வி. ரைட்டுக்குப் பக்கத்தில் வைக்க ஓரிருவர்தான் உண்டு. 1965 முதல் 1973 வரை பேக் பீட் என்ற லேபிளுக்கு (இசைத்தட்டு நிறுவனத்துக்கு) ஐந்து எல்பி இசைத்தட்டுகள் தந்தார். 1973இல் அந்த லேபிளை ஏபிசி என்ற பெரிய இசை நிறுவனம் வாங்கியது, 1979இல் ஏபிசியை எம்சிஏ விழுங்கியது, எம்சிஏ பிற்பாடு யுனிவர்சல் ஆனது. ரைட் 1980இலேயே போய்விட்டார், 41 வயது. இத்தனை கை மாறிய அவருடைய ஒலிப்பதிவு டேப் ரீல்களைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

கிடங்கு எரிந்தால்தான் செய்தி. 1978இல் அமெரிக்காவின் லாங் பிராஞ்ச் ஊரில் அட்லாண்டிக் இசை நிறுவனத்தின் ரீல்கள் எரிந்தன. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சலின் கிடங்கு எரிந்தது. ஆனால் எரியாமல் கிடக்கும் ரீல்களுக்கும் ஆபத்து உண்டு, அது பெட்டியின் மேல் உள்ள எழுத்தில் தொடங்குகிறது.

"மாஸ்டர்" (மூலப் பதிவு) என்று எழுதியிருப்பதை நம்பக் கூடாது. பல சமயம் அது எல்பி வெட்டுவதற்காக பாஸை (தாழ்ந்த ஒலிகளை) குறைத்து, கம்ப்ரஸ் செய்த (உரத்த, மெல்லிய ஒலிகளின் வித்தியாசத்தைச் சுருக்கிய) நகல். அதையே மறுபடி மெருகேற்றி வெளியிடுவதால்தான் பல மறுபதிப்புகளில் குரல் தகரம்போல் கேட்கிறது. செலவு மிச்சம் என்று இதைச் செய்வது பாடகருக்குச் செய்யும் அநியாயம்.

ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் டேப். அதில் புளித்த வினிகர் வாடை அடித்தால் டேப் சிதையத் தொடங்கிவிட்டது, பதிவெடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது, அதைச் சூடாக்கவும் கூடாது. 54 டிகிரியில் எட்டு மணி நேரம் சூடாக்குவது 70களின் நடுவிலிருந்து வந்து, பிசின் ஈரம் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் டேப்புகளுக்கான வைத்தியம். பழைய ஸ்ப்ளைஸ்களில் (டேப்பை வெட்டி ஒட்டிய இடங்களில்) பசை காய்ந்திருக்கும். வேகமாகச் சுற்றினால் கழன்று பறக்கும். டேப்பைப் படிக்கும் ஹெட்டின் அசிமத்தை (சாய்கோணத்தை) ஒவ்வொரு ரீலுக்கும் தனியாகச் சரிசெய்யாவிட்டால் உச்ச ஒலிகள் மங்கும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் தரத்தில், ஈக்யூ (ஒலித் திருத்தம்) எதுவும் இல்லாமல் முதலில் பதிவுசெய்ய வேண்டும்.

கடைசியில் ரீலைப் பாட்டின் முடிவு வெளியே இருக்கும்படி, ஓடும் வேகத்திலேயே சுற்றி வைப்பது முக்கியம். காந்தப் பதிவு அடுத்த சுற்றில் படியும்போது, அப்படிச் சுற்றியிருந்தால் எதிரொலி குரலுக்குப் பின்னால் விழுந்து மறைந்துவிடும். தலைகீழாக இருந்தால், ரைட் வாய் திறப்பதற்கு முந்தைய அமைதியிலேயே அவர் கதறல் மெலிதாகக் கேட்டுவிடும்.