வாடி நாயைப் பென்சிலில் பிடிப்பது

மயிரில் தொடங்காதீர்கள். வயல்வாடி (வயலில் போட்ட குடில்) வாசலில் படுத்திருக்கும் நாயை வரையும்போது பலரும் கெடுத்துக்கொள்வது அங்கேதான். மயிர் கடைசி வேலை.

நாய் அசையாமல் இருக்காது, அதனால் முதலில் ஒரு போட்டோ வேண்டும். நின்றபடி எடுத்தால் தலை பெருத்துக் கால் குட்டையாகும். கிட்டப் போய் போனை நீட்டினால் மூக்கு வீங்கும். ஏழெட்டு அடி தள்ளிக் குந்தி, நாயின் கண்மட்டத்தில் எடுங்கள். காலை ஏழு மணிக்குக் கிழக்கே கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வெயிலில் விலாவும் தோளும் பிரிந்து தெரியும். உச்சி வெயிலில் கண்குழி இருண்டுபோகும்.

200 கிராம் கார்ட்ரிட்ஜ் தாள் (தடித்த வரைதாள்), எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள் போதும்; பி-யின் எண் கூடக் கூட மென்மையும் கறுப்பும் கூடும். கோட்டுருவை எச்பியால் மெல்லப் போடுங்கள். பின்னங்காலில் பின்னோக்கி மடியும் மூட்டு முழங்கால் அல்ல, குதிக்கால். இதைப் பிழைத்தால் நாய் ஆடாகிவிடும்.

2எச் போன்ற பென்சிலில் களிமண் கூடுதல், அதனால் கடினம். அழுத்தினால் தாளில் பள்ளம் விழும், பிறகு நிழலடிக்கையில் அது வெள்ளைக் கோடாய்த் தெரியும். மீசை மயிருக்கு அந்தப் பிழையே உதவி: மை தீர்ந்த பேனாவால் முதலிலேயே கீறிவிட்டு, மேலே 2பியைப் படுக்கவைத்துத் தேயுங்கள். நிழலடித்த பிறகு கீறிப் பயனில்லை.

இனி மயிர். மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறும், கன்னத்தில் பின்னால் போகும், நெஞ்சில் கீழே இறங்கும். மூக்குத்தண்டில் புள்ளியளவு, கழுத்தில் நீளம். அடியில் அழுத்தி நுனியில் தூக்க வேண்டும். விரலால் தேய்க்கவே கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் அழிரப்பருக்கும் அசையாது.

கண்ணின் ஒளிப்புள்ளி வெறும் தாளாகவே இருக்கட்டும். கறுத்த நாய்க்கு 6பியை அழுத்தினால் காரீயம் மினுங்கிச் சாம்பலாகத் தெரியும். கண்மணிக்கும் மூக்குத்துளைக்கும் கரிப்பென்சில்தான், அதுவும் முதலிலேயே. மினுங்கிய காரீயத்தின் மேல் கரி பிடிக்காது.

மார்கழி மழையில் தாள் ஈரம் குடித்திருக்கும். அழிக்க அழிக்க நார் எழும்பி, நிழல் திட்டுத்திட்டாகும். வெயில் வரும்வரை விட்டுவிடுங்கள். பிரேம் போடுகிறவரிடம் கண்ணாடி தாளில் முட்டாதபடி இரண்டுக்கும் நடுவே ஓரத்தைச் சுற்றித் தடித்த அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். வாவிக்கரை வீடுகளில் ஒட்டிக்கொண்டால் பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான்.